ஸ்பிரிங்பேங்க் 10 ஆண்டு: பழைய முறைகளில் எவை குவளைக்கு வந்து சேர்கின்றன?

மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து வடிக்கும் ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கிப் புட்டிகளில் பாரம்பரியம் என்ற சொல்லோ அதற்கு நிகரான ஒரு படமோ இல்லாத புட்டியைக் காண்பது கடினம். ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குரிய பார்லி, பெரிய ஆலைகளில் எந்திரங்களால் முளைகட்டப்பட்டு லாரியில்தான் வடிசாலைக்கு வந்து சேர்கிறது. அங்கே வடித்தெடுத்த சரக்கு டேங்கரில் ஏறி வேறோர் ஊரிலுள்ள கிடங்குக்குச் செல்வதும், பிறகு மூன்றாவதோர் ஊரில் புட்டியில் அடைக்கப்படுவதும் இன்றைய வழக்கம். இந்த வழக்கத்துக்கு உட்படாமல், தனக்குத் தேவையான பார்லி முழுவதையும் தன் வளாகத்திலேயே முளைகட்டி, உலர்த்தி, வடித்து, பீப்பாயில் முதிரவைத்து, அங்கேயே புட்டியிலும் அடைக்கும் பழைய வடிசாலை ஒன்று கேம்பல்டவுனில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்பிரிங்பேங்க். அதன் அடிப்படைச் சரக்கான 10 ஆண்டு விஸ்கியைப் பற்றியதே இம்மதிப்புரை.

புட்டியைத் திறந்து மணத்தையும் சுவையையும் பட்டியலிட்டு முடிப்பது எளிது. இந்த விஸ்கியைப் பொறுத்தவரை அது போதாது. இதை வாங்குகிறவர்களுள் பலர் இதன் தயாரிப்பு முறையின் பழமைக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எனவே அப்பழமையில் எந்தப் பகுதி நாவுக்குத் தெரிகிறது, எந்தப் பகுதி நாவுக்குத் தெரியாமல் வேறு காரணத்துக்காக நிலைத்திருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேம்பல்டவுன், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் கின்டைர் தீபகற்பத்தின் கடைக்கோடிக்கு அருகில் உள்ள துறைமுக ஊர். கிளாஸ்கோவிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் தொலைவு அதிகமில்லை. ஆனால் கடற்கழிகளைச் சுற்றிக்கொண்டு செல்லும் சாலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இப்போது ஒதுக்குப்புறமாகத் தோன்றும் இவ்வூர், சரக்கு கப்பலில் சென்ற காலத்தில் நல்ல இடத்தில் அமைந்திருந்தது. அருகில் டிரம்லெம்பிள் சுரங்கத்தின் நிலக்கரி, சுற்றிலும் பார்லி விளையும் வயல்கள், சதுப்பு நிலங்களில் எரிபொருளுக்காக வெட்டியெடுக்கும், மக்கிய தாவரங்களாலான பீட் கட்டிகள், வாசலில் துறைமுகம் என அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இச்சிறிய ஊரில் 30க்கும் மேற்பட்ட வடிசாலைகள் வெவ்வேறு காலங்களில் இயங்கியிருக்கின்றன. 1880களில்கூட 21 வடிசாலைகள் புகைந்துகொண்டிருந்தன.

ஸ்பிரிங்பேங்க் 1828இல் தொடங்கப்பட்டது. ஆர்ச்சிபால்ட் மிட்செல் என்பவர் அதற்கு முன் உரிமமின்றி வடித்துவந்த அதே இடத்தில்தான் அது எழுந்தது என்பதை நிறுவனமே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது. கள்ளச்சாராயத்தில் தொடங்கிய பரம்பரையை மறைக்காமல் சொல்லும் துணிவு ஸ்காட்லாந்து வடிசாலைகள் பலவற்றுக்கும் உண்டு. இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டால் குற்றமும் குலப்பெருமை ஆகிவிடுகிறது போலும். உரிமம் பெற்று முதலில் நடத்தியவர்கள் மிட்செல் குடும்பத்துக்குச் சம்பந்திகளான ரீட் குடும்பத்தினர். அவர்கள் பண நெருக்கடிக்கு உள்ளானபோது, 1837இல் ஜான் மிட்செலும் வில்லியம் மிட்செலும் அதை வாங்கினர். சகோதரர்களுக்குள் பிணக்கு ஏற்படவே, வில்லியம் பிரிந்து சென்று 1872இல் அருகிலேயே கிளென்கைல் என்ற வடிசாலையைக் கட்டினார். 1897இல் ஜே அண்ட் ஏ மிட்செல் என்ற பெயரில் பதிவான நிறுவனமே இன்றும் ஸ்பிரிங்பேங்க்கின் உரிமையாளர். ஆர்ச்சிபால்டின் வழித்தோன்றலான ஹெட்லி ரைட் 2023இல் மறையும்வரை நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார். பெரும் பன்னாட்டுக் குழுமங்கள் வடிசாலைகளை வாங்கிக் குவித்த காலம் முழுவதும் இது குடும்பத்தின் கையிலேயே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் பல முடிவுகள் பங்குச் சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்தால் எடுக்க முடியாதவை.

ஊரின் வீழ்ச்சி விரைவாக நிகழ்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல காரணங்கள் சேர்ந்தன. மால்ட் விஸ்கியையும் பிற தானியங்களிலிருந்து வடிக்கும் தானிய விஸ்கியையும் கலந்து விற்கும் கலவை வணிகர்கள், கேம்பல்டவுனின் கனத்த எண்ணெய்ப் பசையுள்ள சரக்கை விட்டுவிட்டு, ரயில் பாதை எட்டிய, ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஸ்பேசைடு பகுதியின் மென்மையான சரக்கை நாடினர். முதல் உலகப்போரும் அதைத் தொடர்ந்த வரி உயர்வும் உள்நாட்டு விற்பனையைக் குறைத்தன. 1920இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. 1920களில் உள்ளூர்ச் சுரங்கமும் மூடப்பட்டது. தேவை அதிகமாக இருந்த நாட்களில் சிலர் அவசரமாக வடித்துத் தரத்தைக் கெடுத்தனர் என்ற குற்றச்சாட்டும், மீன் பீப்பாய்களில் விஸ்கியை நிரப்பினார்கள் என்ற வதந்தியும் ஊரின் பெயரைக் கெடுத்தன. கிளென்கைல் 1925இல் நின்றது. ஊரின் மிகப்பெரிய வடிசாலையாக இருந்த ஹேசல்பர்னும் அதே ஆண்டில் மூடப்பட்டது. பின்னாளில் ஜப்பானில் நிக்கா நிறுவனத்தைத் தொடங்கிய மசதாகா தாகேத்சுரு 1920இல் தொழில் கற்ற இடம் அந்த ஹேசல்பர்ன்தான். வடிக்கும் கலை ஜப்பானுக்குப் பயணப்பட்ட சில ஆண்டுகளில் அதைக் கற்பித்த கூடத்தில் அடுப்பு அணைந்துவிட்டது. 1930களின் நடுப்பகுதிக்குப் பின் ஊரில் தாக்குப்பிடித்தவை ஸ்பிரிங்பேங்க்கும் கிளென் ஸ்கோஷாவும் மட்டுமே.

ஸ்பிரிங்பேங்க்கும் இடையறாது ஓடிய வடிசாலை அல்ல. ஸ்காட்லாந்து முழுவதும் விஸ்கி தேங்கிக் கிடந்த காலத்தில், 1979இல் நிறுத்தப்பட்ட உற்பத்தி 1980களின் பிற்பகுதியில்தான் மீண்டும் தொடங்கியது. 1960இல் கைவிடப்பட்ட முளைகட்டும் தளம் 1992இல் திரும்பவும் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே ‘அன்று முதல் இன்று வரை மாறாமல்’ என்று ஆர்வலர்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கும் வெளியிலிருந்து வாங்கிய மால்ட்டைத்தான் வடித்தார்கள். பழைய முறைக்குத் திரும்புவது என்று 1992இல் எடுத்த முடிவு, மரபின் தொடர்ச்சி என்பதைவிட ஒரு நிறுவனத்தின் விருப்பம் சார்ந்த தேர்வு என்பதே சரி. அந்தத் தேர்வுக்காக அவர்களை நான் கூடுதலாகவே மதிக்கிறேன்.

முளைகட்டும் முறையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பார்லியைத் தொட்டியில் மாற்றி மாற்றி ஊறவைத்தும் வடியவிட்டும், ஈரம் ஏறியபின் கல்தளத்தில் சீராகப் பரப்புகிறார்கள். ஈரத்துணியில் கட்டிவைத்த பச்சைப்பயறு முளைவிடும்போது மூட்டை சூடாவதைப் போலவே, தளத்தில் பரப்பிய பார்லியும் தானாகவே சூடேறும். அதைப் புரட்டாமல் விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். எனவே இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்கள் மரத் துடுப்புகளாலும் கையால் இழுக்கும் கலப்பைகளாலும் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஏறத்தாழ ஐந்தாறு நாட்களில் மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் உருவாகிவிடுகின்றன. அந்த நிலையில் முளையை வளரவிடாமல் சூளையில் உலர்த்த வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் குவளையில் தெரிகிறதா என்று கேட்டால், தளத்தில் புரட்டியதற்காக மட்டும் ஒரு தனிச் சுவை வருகிறது என்பதை நான் நம்பவில்லை. நன்றாக முளைகட்டிய பார்லி, எந்திர உருளையில் முளைத்தாலும் தளத்தில் முளைத்தாலும், அதன் பயன் ஏறத்தாழ ஒன்றே. தளம் தரும் உண்மையான ஆதாயம், சூளையும் அவர்கள் கையிலேயே இருப்பதுதான். தங்களுக்கு வேண்டிய அளவுக்குப் புகையூட்டி, மூன்று வகைச் சரக்குக்கு மூன்று வகை மால்ட்டைத் தயாரித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. மற்றபடி, பிற வேலைவாய்ப்புகள் குறைந்துபோன ஓர் ஊரில் பலருக்கு வேலை கொடுப்பதை நிறுவனம் தன் கொள்கையாகவே சொல்கிறது. ஓர் எந்திரத்தை இயக்கி முடித்துவிடக்கூடிய வேலையை இத்தனை பேர் செய்வதற்கு அதுவே போதுமான நியாயம். சுவையைக் காரணம் காட்டத் தேவையில்லை.

சூளையில்தான் மூன்று சரக்குகளும் பிரிகின்றன. ஸ்பிரிங்பேங்க் என்ற பெயரில் வரும் விஸ்கிக்கான மால்ட், சுமார் ஆறு மணி நேரம் பீட் புகையிலும் பிறகு வெப்பக் காற்றிலும் உலர்கிறது. லாங்ரோ என்ற கடும்புகை விஸ்கிக்குரிய மால்ட் 48 மணி நேரம் வரை புகையிலேயே கிடக்கிறது. ஹேசல்பர்னுக்குப் புகையே இல்லை. வெப்பக் காற்று மட்டும். புகையின் அளவை, புகைமணம் தரும் வேதிப்பொருளான ஃபீனாலின் கணக்கில் சொல்வதானால், ஸ்பிரிங்பேங்க் மால்ட்டில் பத்து லட்சத்துக்கு 12 முதல் 15 பங்கும், லாங்ரோ மால்ட்டில் 50 முதல் 55 பங்கும் இருக்கும். லாங்ரோ, ஹேசல்பர்ன் ஆகிய இரண்டு பெயர்களும் ஊரில் மறைந்துபோன வடிசாலைகளின் பெயர்கள். கடும்புகை விஸ்கிக்குப் பெயர்பெற்ற ஐலா தீவின் புகைமணத்தை ஐலாவுக்கு வெளியிலும் கொண்டுவர முடியும் என்று காட்டுவதற்காக 1973இல் லாங்ரோ முதன்முதலில் வடிக்கப்பட்டது. 1997இல் ஹேசல்பர்ன் தொடங்கியது.

அடுத்து வரும் கட்டங்களில்தான் இந்த விஸ்கியின் உண்மையான குணம் உருவாகிறது என்பது என் கருத்து. அரைத்த மால்ட்டை நூறாண்டைக் கடந்த வார்ப்பிரும்புத் தொட்டியில் வெந்நீரோடு கலந்து, சர்க்கரை கரைந்த இனிப்பு நீரை இறக்குகிறார்கள். மற்ற வடிசாலைகளோடு ஒப்பிட்டால் இந்நீரில் சர்க்கரையின் செறிவு குறைவு. அதை லார்ச் மரத் தொட்டிகளுக்கு மாற்றி ஈஸ்ட் சேர்த்தபின் விட்டுவைக்கும் காலமோ மிக நீண்டது. 100 மணி நேரத்தையும் தாண்டுவதுண்டு. பெரும்பாலான வடிசாலைகளில் இரண்டிலிருந்து இரண்டரை நாளில் நொதித்தல் முடிந்து, ஊறல் எனப்படும் அந்தப் புளித்த நீர், வடிக்கும் செம்புக் கலமான வாலைக்குச் சென்றுவிடும். அதன் ஆல்கஹால் அளவு எட்டு சதவீதத்தை ஒட்டியிருக்கும். இங்கே ஐந்து சதவீத அளவில்தான் ஊறல் கிடைக்கிறது. அதாவது ஒரே அளவு சரக்குக்கு இவர்கள் கூடுதலான நீரைச் சூடாக்க வேண்டும், கூடுதல் நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். கணக்குப் பிள்ளை பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு இது. ஆனால் ஈஸ்ட் தன் வேலையை முடித்து ஓய்ந்தபிறகு, மரத்தின் இடுக்குகளில் குடியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஊறலின் புளிப்பு ஏறுகிறது. பழமணம் தரும் எஸ்டர்கள் பெருகுகின்றன. 10 ஆண்டுப் புட்டியில் முதலில் எழும் பேரிக்காய் மணத்துக்கும், சற்றே புளித்த பால் வாடைக்கும் இந்தக் காத்திருப்பே காரணமாக இருக்க வேண்டும்.

வாலைகள் மூன்று. முதல் வாலையின் அடியில் எண்ணெயால் எரியும் நேரடித் தீ இருக்கிறது. உள்ளே நீராவிச் சுருளும் இருக்கிறது. நேரடித் தீயில் ஊறலின் கசடு அடிப்பிடித்துக் கருகாமல் இருக்க, செம்புச் சங்கிலி ஒன்று வாலையின் அடித்தளத்தைத் தேய்த்துக்கொண்டே சுழல்கிறது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலான வடிசாலைகள் நீராவிக்கு மாறிவிட்ட நிலையில், நேரடித் தீயை வைத்திருப்பவர்கள் சிலரே. தீ படும் செம்பில் ஊறல் இலேசாக வறுபடுவதால் கனமும், வறுத்த தானியத்தின் மணமும் ஏறுகின்றன. இரண்டாம் வாலையிலிருந்து வரும் ஆவி, இன்று வழக்கமாகிவிட்ட பலகுழாய்க் குளிர்விப்பானுக்குச் செல்லாமல், குளிர்நீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கும் நீண்ட சுருள்குழாயில் இறங்குகிறது. ஆவி செம்பைத் தொடும் பரப்பு இதில் குறைவு என்பதால், செம்பு அகற்றியிருக்கக்கூடிய கந்தகச் சாயல் ஓரளவு தங்கிவிடுகிறது.

வடிக்கும் வரிசைதான் இந்த வடிசாலைக்கே உரியது. ஹேசல்பர்ன் மும்முறையும் லாங்ரோ இருமுறையும் வடிக்கப்படுகின்றன. ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை என்பார்கள். ஊறலை முதல் வாலையில் வடித்துப் பெறும் மென்சரக்குக்கு லோ வைன்ஸ் என்று பெயர். அதில் ஒரு பங்கைத் தனியே நிறுத்திவிட்டு, எஞ்சியதை இரண்டாம் வாலையில் மீண்டும் வடித்து ஃபெயின்ட்ஸ் என்ற வன்சரக்காக்குகிறார்கள். மூன்றாம் வாலையில் 80 பங்கு ஃபெயின்ட்ஸுடன் நிறுத்திவைத்த லோ வைன்ஸ் 20 பங்கைச் சேர்த்து வடித்து, முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வாலையில் ஊற்றிய அளவை வைத்துக் கணக்கிட்டால் சராசரி இரண்டரை அல்ல, 2.8 என்று வரும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. விளைவு என்னவென்றால், மும்முறை வடித்த சரக்கின் தெளிவு பெரும்பகுதியாகவும், இருமுறை வடித்த சரக்கின் கனம் சிறுபகுதியாகவும் ஒன்றாக இருக்கின்றன. எண்ணெய்ப் பசையும் கூர்மையும் ஒரே மிடறில் வருவது இந்த விஸ்கியில் எல்லோரும் கவனிக்கும் அம்சம். அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதிர்விக்கும் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 10 ஆண்டுப் புட்டியில் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்ச் சரக்கு ஏறத்தாழ 60 சதவீதமும் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் பீப்பாய்ச் சரக்கு 40 சதவீதமும் கலக்கின்றன. 46 சதவீத ஆல்கஹாலில், கலங்கலைத் தவிர்க்கக் குளிரவைத்து வடிகட்டும் குளிர்வடிகட்டலும் கேரமல் நிறமியும் இல்லாமல் அடைக்கிறார்கள். தண்ணீர் சேர்த்தால் இலேசாகக் கலங்குவது அதனால்தான், குறையன்று.

குவளையில் ஊற்றியதும் உடனே அருந்தாமல் சிறிது நேரம் விட்டுவைப்பது நல்லது. முதலில் மேலெழுவது ஈரமான மண்ணும் பழைய கயிறும் சேர்ந்ததுபோன்ற ஒரு வாடை. அனைவருக்கும் அது பிடிக்காது. அது தணிந்தபின் பேரிக்காய், வனிலா, எலுமிச்சைத் தோல், மால்ட்டின் தானிய இனிப்பு ஆகியவை தெரிகின்றன. நாவில் எண்ணெய்ப் பசையோடு பரவி, நடுவில் உப்பும் மிளகும் கலந்த காரமாக மாறி, முடிவில் மெல்லிய புகையை விட்டுச் செல்கிறது. அந்த உப்பு கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்ததால் வந்தது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சுருள்குழாய் விட்டுவைத்த கந்தகமும் பீட் புகையும் சேர்ந்து தரும் உணர்வாகவும் அது இருக்கலாம். இரண்டு சொட்டுத் தண்ணீர் பழமணத்தைத் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் சேர்த்தால் கனம் போய்விடும். பனிக்கட்டி வேண்டவே வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையால் செய்யும் வேலை மிகுதியாக இருப்பதால் ஒவ்வொரு தொகுதியும் சற்றே வேறுபடுகிறது. சில தொகுதிகளில் ஷெர்ரியின் உலர்பழ இனிப்பு மேலோங்குகிறது. சிலவற்றில் கந்தகம் தலைதூக்கி, அடித்த தீக்குச்சியின் நெடி வருகிறது. ஒரே பெயருள்ள புட்டி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இதில் ஏமாற்றமடைவார். இன்னொன்று, விலை. வடிசாலையின் முழுத்திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரை லட்சம் லிட்டர் என்று சொல்லப்பட்டாலும், தளத்தில் முளைகட்டக்கூடிய பார்லிதான் எல்லை என்பதால் அதில் பாதியைக்கூட வடிப்பதில்லை. உலகெங்கும் தேவை பெருகிவிட்டபின் கடைகளில் புட்டி வந்த வேகத்தில் தீர்ந்து, ஏலத்தில் இரட்டிப்பு விலைக்கு மறுபடி தோன்றுகிறது. கடை விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஏல விலை கொடுக்கும் அளவுக்கு இது அரிய பொருள் அல்ல. பத்தாண்டு முதிர்ந்த, நன்றாக வடித்த, அன்றாடம் அருந்துவதற்கென்றே தயாரித்த விஸ்கி.

கிடைக்காதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கில்கெரன் 12 ஆண்டு. 1925இல் நின்றுபோன கிளென்கைலை இதே மிட்செல் நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2004இல் மீண்டும் இயக்கியது. பெயருரிமை வேறொருவரிடம் இருந்ததால் விஸ்கி கில்கெரன் என்று வெளிவருகிறது. அதற்கும் மால்ட் ஸ்பிரிங்பேங்க்கின் தளத்திலிருந்தே செல்கிறது. புகையின் அளவும் பீப்பாய்க் கலவையும் ஏறத்தாழ ஒத்தவை. புட்டியும் 46 சதவீதமே. வேறுபாடு வடிக்கும் முறையில்தான்: நேரடித் தீயும் சுருள்குழாயும் இல்லாமல், வழக்கமான இருமுறை வடிப்பு. இரண்டையும் அருகருகே வைத்து அருந்தினால் கில்கெரன் தெளிவாகவும் எலுமிச்சை சார்ந்ததாகவும் இருக்கிறது. ஸ்பிரிங்பேங்க்கில் கிடைக்கும் மண்வாடையும் எண்ணெய்க் கனமும் அதில் பெரிதும் குறைவு. அந்த மண்வாடை வேண்டாம் என்பவர்களுக்குக் கில்கெரனே மேலான புட்டி.